கேமராவுக்கு வைத்த பொட்டு

என் அக்கா வீட்டுக்காரர் அளப்பார். மறைத்து என்ன ஆகப்போகிறது, கீரப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அங்கே உரக்கடை வைத்திருந்தார். யூரியா வாங்க வந்தவர் மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டோமா, கிளம்பினோமா என்று போய்விட முடியாது. பில் போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ஒக்காருங்க, ஒரு சேதி சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுவார். நடவு ஆட்கள் வயலில் காத்திருக்கிறார்கள் என்று கெஞ்சினால், "அஞ்சே நிமிஷம்" என்பார். அவருடைய ஐந்து நிமிஷம் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது மாமா இல்லை. கடையை அக்கா பார்த்துக்கொள்கிறாள். வருகிறவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனுஷன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அளந்து நான் கேட்டதில்லை. அளப்பு முழுவதும் அடுத்தவர்களைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்குப் போனான். "துபாய்ல ஒசர ஒசரமா நிக்குது பாருங்க, அதுல ஒண்ணுகூட நம்ம பையன் கை படாம எழும்பாது" என்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் அங்கே பெயின்ட் அடிக்கிறான். அக்கா வைக்கிற மீன் குழம்பைப் பற்றிக் கேட்டால் அவ்வளவுதான். அதைச் சாப்பிடுவதற்காகவே ஒரு கலெக்டர் தன் மாற்றல் உத்தரவைத் தள்ளிப்போட்டார் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார். அக்கா உள்ளேயிருந்து, "எந்தக் கலெக்டரு? எப்ப வந்தாரு? எனக்கே தெரியலையே" என்று கத்துவாள். மாமா அசரமாட்டார்.

"உங்களப் பத்தி ஏதாவது சொல்லுங்களேன்" என்று யாராவது வாயைக் கிளறினால் மட்டும், "என்னத்த சொல்றது, உரம் விக்கிறேன்" என்று முடித்துவிடுவார்.

அவர் அளப்பால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பத்தாவதில் கணக்கில் நான் மாவட்டத்திலேயே முதல் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவைத்துவிட்டார். நான் தேறியதே பெரிய விஷயம். கல்யாணமாகிப் போனபின், பால் கணக்கிலிருந்து பெரிய மாமனாரின் நெல் கணக்கு வரை எல்லாம் என்னிடம் வந்தன. "நீதான் கணக்குல பெரிய ஆளாச்சேம்மா" என்று மாமியார் சொல்லும்போதெல்லாம் மாமாவை மனதுக்குள் நன்றாகத் திட்டுவேன். நேரில் கேட்டதற்கு, "மாவட்டத்துல மொதலா வரமாட்டியா என்ன? அன்னைக்கு ஒனக்கு ஜுரம், அதான் வுட்டுப்போச்சு" என்றார். எனக்கு எந்த ஜுரமும் வரவில்லை.

இப்படி நாள் முழுக்க எல்லோரையும் தூக்கிவைத்துப் பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். "ஏ, உப்பு மொளகா எடுத்துச் சுத்திப் போடு" என்று அக்காவை விரட்டுவார். "பேசுனது நானு. கண்ணு பட்டா புள்ளைங்களுக்குல்ல படும்?" அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மிக்சிக்கு வைத்தார். தண்ணீர் மோட்டாருக்கு வைத்தார். நான் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துச் சிதம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் வெள்ளைக் கோட்டின் காலரில் ஒரு பொட்டு இருந்தது. துவைத்தும் போகவில்லை.

நான் நீச்சலுக்கு வந்தது முதுகுவலியால். முப்பத்தைந்து வயதைத் தாண்டியபின் டாக்டர் சொன்னார் என்று இறங்கினேன். வலி போனது, நீச்சல் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஓடும் மாதங்களில் கீரப்பாளையம் பக்கத்து வாய்க்கால், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடல். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை கடல் நீச்சல் நடத்துவார்கள். கரையிலிருந்து கிளம்பி, உள்ளே நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கும் கொடிப் படகைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். முதல் வருஷம் பாதியில் கால் பிடித்துக்கொண்டு என்னைப் படகில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஈரத் துணியோடு பஸ்ஸில் சிதம்பரம் வந்து சேரும்வரை எனக்கு அழுகை அடங்கவில்லை.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். இன்னும் ஒரே ஒரு தடவை போகிறேன், அதிலும் முடிக்காவிட்டால் கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். முடிக்காமல் போய்விட்டால் கடலை என்னால் விட முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

மாமாவுக்கு விஷயம் போனது. மறுநாள் காலை சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். "போன தடவ நீ நீந்துனத ஒருத்தனும் பாக்கல. கரையில நின்னா தலை மட்டும் கடுகாட்டம் தெரியுது. நான் கடையில என்னத்த சொல்றது? ஒரு கேமரா வாங்கிப்புடலாம் வா."

தெற்கு வீதியில் போன், கேமரா விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் மாமா முதலில் கேமராவைக் கேட்கவில்லை. என்னைக் காட்டி, "இவுங்க யாருன்னு தெரியுதாம்மா?" என்றார். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலங்கை, கடல், சுறா என்று சில வார்த்தைகள் காதில் விழுந்தன. அந்தப் பெண் பொறுமைசாலி. கேட்டு முடித்துவிட்டு, விளையாட்டுக்கு என்று வருகிற சின்னக் கேமராக்களாக நான்கைந்தை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"இது ஃபோர் கே சார். இது ஃபைவ் கே."

"எத்தன கே இருந்தா கடல்ல நீந்துறவ காலு தெரியும்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். கட்டைவிரல் அளவில் ஒன்று, காந்தத்தால் சட்டையிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஆனால் சார்ஜ் சீக்கிரம் தீரும், பேட்டரியைக் கழற்றவும் முடியாது. "கொடிப் படகு வர்றதுக்குள்ளயே செத்துடும்னு சொல்லு" என்று மாமா அதை ஒதுக்கினார். இன்னொன்று விலை ஜாஸ்தி, தண்ணீருக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்கிப் போட வேண்டும். பெட்டியின் மூடி சரியாக மூடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். உள்ளே தண்ணீர் போகும் என்றாள். அதையும் ஒதுக்கினார். மூன்றாவது, பெட்டி இல்லாமலே தண்ணீர் தாங்குவது. பேட்டரியை மாற்றலாம். படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துவைத்தால் நெடுநேரம் ஓடும். கை ஆடினாலும் படம் ஆடாமல் அதுவே அடக்கிக்கொள்ளும்.

மாமா அதைக் கையில் வாங்கித் தெருப் பக்கம் திருப்பினார். பின்பக்கத் திரையில் தெற்கு வீதி முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிந்து நின்றது. எதிரே இருந்த சின்னப் பூக்கடை ஒரு மண்டபம் மாதிரி தெரிந்தது.

"எல்லாத்தையும் பெருசாக் காட்டுதே!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இதான்மா நமக்கு."

ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, கடைக்காரர் முன்னாலேயே அதை உள்ளே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னார்.

வாங்கியது சுலபம். மாட்டுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. முதலில் என் தலையில் பட்டை போட்டுக் கட்டினோம். வாய்க்காலில் நீந்திவிட்டு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால் வானம், தண்ணீர், வானம், தண்ணீர். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய் வாந்தி எடுத்தாள். நெஞ்சில் கட்டினால் வாய்க்கால் சேறு மட்டும் விழுந்தது. மணிக்கட்டில் கட்டியதைப் பார்த்துவிட்டு, "வாஷிங் மெஷினுக்குள்ள ஒக்காந்து எடுத்தாப்புல இருக்கு" என்றார் மாமாவே. இடுப்பில் கயிறு கட்டி இழுத்துப்போகிற ஆரஞ்சு மிதவையின் மேல் ஒட்டினோம். அது கவிழ்ந்துகொண்டு மீனைப் படம் பிடித்தது.

"ஒம்மேல மாட்டுனா நீ எப்படித் தெரிவ?" என்று ஒருநாள் அவருக்கே உதித்தது. "கண்ணாடிய நெத்தியில ஒட்டிக்கிட்டுத் தலை வாருறாப்புல இருக்கு நாம செய்யிறது. வெளிய இருந்துல்ல ஒன்னப் பாக்கணும்?"

நீந்துகிறவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஃபைபர் படகு வரும். ஓட்டுகிறவர் ஒருவர், நம் ஆள் ஒருவர். புகையும் அலையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் எஞ்சின் போடக் கூடாது, துடுப்புதான். நான் வலப்பக்கம் திரும்பி மூச்செடுப்பவள். ஆகவே படகு என் வலப்பக்கம் வரும், கேமரா படகின் இடது விளிம்பில் என்னைப் பார்த்து இருக்க வேண்டும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் வந்து, கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த படகில் கேமராவைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்பை வைத்துப் பார்த்தார். ஃபைபர் வழவழப்பில் அது நழுவியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்து முறுக்கினார். அப்புறமும் நம்பாமல், தூண்டில் நரம்பால் கேமராவைப் படகின் வளையத்தோடு சேர்த்துக் கட்டினார். ரொம்பத் தாழ்த்தினால் தண்ணீர் அடிக்கும், ரொம்ப உயர்த்தினால் நான் சின்னதாகிவிடுவேன். தண்ணீரிலிருந்து ஒரு முழ உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். படகுக்கார அண்ணன் பீடியைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பாத்துப் பாத்துச் செய்யமாட்டாங்க" என்றார்.

போட்டி அன்று விடிந்ததும் ஆரம்பம். நான் கரையில் தொப்பி மாட்டிக்கொண்டு நின்றபோதே, சாமியானாவுக்குக் கீழே நடத்துகிறவர்களிடம் மாமா அளந்துகொண்டிருப்பது கேட்டது. பிறகு படகுக்கு ஓடினார். கேமராவை முடுக்கினார். கிளம்பினோம்.

போகும்போது நன்றாகப் போனது. கொடிப் படகைச் சுற்றினேன். திரும்பும்போது பாதிக் கடலில், போன வருஷம் போலவே, வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. தண்ணீருக்குள்ளேயே கத்தினேன். படகு கிட்டே வந்தது. மாமா இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு கையை நீட்டினார். படகைத் தொட்டால் முடித்ததாகக் கணக்கில்லை. மல்லாந்து படுத்தேன், கால் விரலைப் பிடித்து இழுத்தேன், உப்புத்தண்ணீரைக் குடித்தேன். கொஞ்சம் விட்டது. ஒற்றைக் காலால் அடித்துக்கொண்டே கரைக்கு வந்து மணலில் விழுந்தேன். எனக்குப் பின்னால் இரண்டே பேர் இருந்தார்கள். அதனால் என்ன, முடித்துவிட்டேன்!

துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நடுவர் அம்மா என்னைக் கூப்பிட்டார். தலை நரைத்தவர், அந்தக் காலத்து நீச்சல்காரர் என்று சொன்னார்கள். பக்கத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் நின்றார். தன் மாணவியின் படகில் பின்னால் வந்தவர். "இந்தம்மா படகைப் புடிச்சு நின்னாங்க மேடம். அந்தப் பெரியவர் கை நீட்டுனத நான் பாத்தேன். ஒதுக்கிவெச்சாதான் மத்தவங்களுக்கு ஞாயம்" என்றார். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

"நான் தொடல மேடம்" என்றேன். என் குரல் எனக்கே பலமில்லாமல் கேட்டது.

நடுவர் படகுக்கார அண்ணனிடம் கேட்டார். "அல திரும்பி அடிச்சுதும்மா. நான் முன்னாடி பாத்துத் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன். தொட்டாங்களா தொடலையான்னு பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்றது?" என்றார் அவர்.

"அப்ப நீங்க சொல்லுங்க" என்று நடுவர் மாமா பக்கம் திரும்பினார்.

மாமா ஒரு அடி முன்னால் வந்தார். "மேடம், அவ தொடல. நான் கண்ணால பாத்தேன்."

சாமியானாவில் ஒருவர் சிரித்துவிட்டார். "சார், காலைல நீங்கதான இவுங்க இலங்கை வரைக்கும் போயி டீ குடிச்சுட்டு வந்தவங்கன்னு சொன்னீங்க?" இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

மாமாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை அன்றுதான் பார்த்தேன். எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ அளந்தவர், உண்மையைச் சொல்ல நேர்ந்த ஒரு சமயத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. எனக்கு என் போட்டி போகிறதே என்பதைவிட அவரை இப்படி நிற்க வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "கேமரா இருக்கு மேடம்! மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓடியிருக்கு!"

கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். திரையில் படம் வந்தது. வந்ததென்ன, மஞ்சளும் சிவப்புமாக ஒரு மூட்டம். நடுவில் கெட்டியாக ஒரு உருண்டை. அதன் ஓரத்தில் எப்போதாவது கறுப்பாக ஏதோ அசைந்தது. அது நானாக இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம்.

"என்னா சார் இது?" என்றார் பயிற்சியாளர்.

நான் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மேல் சந்தனம். அதன் நட்டநடுவில் குங்குமம். கடல் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் குழைந்து நாலு பக்கமும் ஒழுகியிருந்தது.

"மாமா!"

"காலைல கெளம்புறப்ப வெச்சேன்" என்றார் மெதுவாக. "இவ்ளோ பேரு பாக்குற எடம். ஒம்மேல கண்ணு பட்டுறக் கூடாதுன்னு... நெத்தியிலதான் வெச்சேன். அதுல நெத்தி எதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

சாமியானா முழுக்க வெடித்துச் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியாருக்குக் கொடுத்த வாக்குதான் கண்முன்னால் வந்தது. அவ்வளவுதான், கடல் போச்சு என்று நினைத்தேன்.

சிரிக்காத இன்னொருவர் நடுவர் அம்மா. "எல்லாரும் சத்தம் போடாம இருங்க. படம் கெடக்கட்டும். சவுண்டக் கூட்டி வைங்க" என்றார்.

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அதன்மேல் மாமாவின் குரல், கேமராவை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக. என்னைப் பற்றிப் படகுக்காரரிடம் அளந்துகொண்டே வருகிறார். நடத்துகிறவர்கள் பதிவை முன்னால் தள்ளித் தள்ளிக் கேட்டார்கள். அளப்பு, அளப்பு, அளப்பு. பிறகு என் அலறல்.

"கால் புடிச்சுக்கிச்சா? ஐயோ, கிட்டப் போப்பா, கிட்டப் போ. வாம்மா, வந்து கையப் புடிச்சுக்க. போதும்மா. பந்தயம் கெடக்குது."

மூச்சிரைக்க என் குரல்: "கைய உள்ள எடு மாமா! தொட்டா போயிடும்! அண்ணே, படகத் தள்ளிப் போடுங்கண்ணே!"

"ஏய், உசுரு முக்கியமா பந்தயம் முக்கியமா? தொட்டுத் தொலையேன்டி!"

"தள்ளிப் போடுங்கண்ணே! மாமா, ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்!"

துடுப்பு வேகமாக அடித்தது. மாமாவின் குரல் உடைந்துபோய்க் கேட்டது. "தள்ளிட்டோம், தள்ளிட்டோம். தொடலம்மா நீ. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். மல்லாந்து படுத்துக்க. அப்படித்தான். தொடலப்பா அவ, பாத்தியா, தொடவே இல்ல!" கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு, "காலடிக்கிறா! ஒத்தக் கால்லயே அடிக்கிறா பாரு!" என்று ஒரு கத்தல்.

நடுவர் அம்மா லேப்டாப்பை மூடினார். "முடிச்சாங்கன்னு எழுதிக்கங்க" என்றார். பயிற்சியாளர் நேராக என்னிடம் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்று கை கொடுத்தார். மாமாவுக்கும் கொடுத்தார். மாமா அவர் கையை விடாமல், அவருடைய மாணவி எவ்வளவு பிரமாதமாக நீந்தினாள் என்று ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நான் லீவு. கீரப்பாளையம் போனேன். மாமா கடையில் இருந்தார். அக்காவும் நானும் வீட்டில் அந்த மஞ்சள் மூட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டோம். பார்க்க ஒன்றுமில்லை, குரல்களைக் கேட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தோம். கொடிப் படகைச் சுற்றுவதற்கு முன்னால் ஓரிடத்தில் படகுக்காரர் கேட்கிறார்.

"என்னாங்க, அப்பலேர்ந்து பலகைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நடுங்குறீங்க? நீச்சல் தெரியும்ல?"

"தெரியாதுப்பா. மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுறப் போவுது. எனக்குத் தண்ணின்னாலே பயம்."

"அப்பறம் எதுக்கு ஏறுனீங்க? அதான் கேமரா படம் புடிக்குதே?"

"அது புடிக்கும். நாளைக்கு அது வாயத் தொறந்து நாலு பேருகிட்ட சொல்லுமா? பாத்தவன்னு ஒருத்தன் வேணாமா?"

அக்காவின் கையில் கீரைக்கட்டு அப்படியே நின்றது. "போட்டுல ஏறுனாரா? இந்த மனுசனா?" என்றாள். "நான் என்னமோ கரையிலேர்ந்து ரிமோட்டுல எடுத்தாருன்னுல்ல நெனச்சேன்! பிச்சாவரம் போனப்ப எங்களயெல்லாம் படகுல ஏத்திவுட்டுட்டு, கால் வலின்னு கரையிலயே ஒக்காந்துக்கிட்டவருடி இவரு. முட்டியளவு தண்ணி அங்க."

நான் கடலுக்குப் பயந்ததைவிட அவர் எவ்வளவோ பயந்திருக்கிறார். போகவர இரண்டு மணி நேரம் அந்தச் சின்னப் படகில் உட்கார்ந்திருந்தவர், எனக்குக் கால் பிடித்தபோது இடுப்பு வரை கடல் மேல் தொங்கிக்கொண்டு கை நீட்டியிருக்கிறார்.

எழுந்து கடைக்கு நடந்தேன். பெரியவர் ஒருவரை உட்காரவைத்து மாமா சேதி சொல்லிக்கொண்டிருந்தார். "...மூணாவதா வந்துட்டா! மூணாவது!" என்னைப் பார்த்ததும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். வழக்கமாக நான் திருத்துவேன், அதற்குத் தயாராகத்தான் அவரும் முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் திருத்தவில்லை. ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். "ஐயா, அத வுடுங்க. இவரு என்ன பண்ணாருன்னு சொல்றேன் கேளுங்க" என்றேன். "இவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணியக் கண்டாலே ஒதறும்..."

"ஏ பாப்பா, சும்மா இரு" என்றார் மாமா.

நான் நிறுத்தவில்லை. படகில் ஏறியது, பலகையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது, கை நீட்டித் தொங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். அலையைக் கொஞ்சம் உயரமாகவே சொன்னேன். பெரியவர் யூரியாவை மறந்துவிட்டு, "அப்படியா மாப்ள? நீயா?" என்று மாமாவை மேலும் கீழும் பார்த்தார். மாமா காது மடல் சிவந்துபோய், உள்ளே போய் ஏற்கெனவே நேராக அடுக்கியிருந்த மூட்டைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கரையில் வந்து விழுந்தபோதுகூட அப்படி இல்லை. அதற்குள் இன்னொருவர் பொட்டாஷ் கேட்டு வந்தார். அவரையும் உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னேன்.